காது மெஷினுக்கு இடம் உள்ள ஹெல்மெட்

“அவரு வேன்ல வரட்டும்க்கா. அதுல என்ன குறைஞ்சு போகுது? ஏசி இருக்கு, காலை நீட்டிக்கலாம், வழியெல்லாம் தூங்கிக்கிட்டே வரலாம்.”

“பைங்களோட பையா அவரையும் ஏத்திக்கிட்டுப் போகப் போறியா?”

“பின்ன என்ன பண்ணச் சொல்ற? பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், இவரு பாட்டுக்கு நடு ரோட்டுல போய்க்கிட்டிருப்பாரு. ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?”

“மெதுவாப் பேசுடா.”

“எதுக்கு மெதுவா? மண்டையில ஹெல்மெட் வேற. இடி விழுந்தாக்கூட இப்போ அவருக்குக் கேட்காது.”

இடி விழவில்லை. இவர்கள் பேசியது மட்டும் ஒன்று விடாமல் எனக்குக் கேட்டது.

ஹெல்மெட் கடையில், கண்ணாடிக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலையில் கறுப்பு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், தாடைப் பட்டியும் மாட்டியிருந்தது. எனக்குப் பின்னால், கையுறைகள் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டது என் மனைவியும் அவள் தம்பியும். அந்தத் தம்பியைத்தான் எங்கள் பைக் குழுவில் எல்லோரும் கேப்டன் என்பார்கள். சண்டை என்னைப் பற்றி.

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டிங்கர் வேலை செய்கிறவன். அடிபட்டு வரும் கார்க் கதவு, பானட் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டி நேராக்குவது என் தொழில். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தட்டியதில் தகரம் நேரானது, காது போனது. போன வருடம் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினேன். காதுக்குப் பின்னால் ஒரு அவரை விதை மாதிரி உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் காதுக்குள் போகும். போட்டால் நன்றாகவே கேட்கிறது.

ஆனால் மெஷினைப் பார்த்ததும் ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. என்னிடம் கேட்க வேண்டியதை என் மனைவியிடம் கேட்கிறார்கள். “அவருக்குச் சக்கரை போடலாமா?” என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நின்று, அவளைக் கேட்கிறார்கள். மெஷின் இல்லாதபோது கத்தியாவது பேசினார்கள். என்னிடம்தான் பேசினார்கள்.

அடுத்த மாதம் எங்கள் குழு மலைப் பக்கம் ஒன்பது நாள் பயணம் போகிறது. நான் இந்தக் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன். கேப்டன் கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டதே என் பழைய வண்டியில்தான். அவன் இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான்.

“மாமா, போன தடவை பெட்ரோல் பங்க்ல திரும்புன்னு பின்னாடியிருந்து கத்தினேன். நீங்க நேராப் போயிட்டீங்க.”

“கையைக் காட்டியிருக்கலாமே மாப்ள. கண்ணாடியில பார்த்திருப்பேன்.”

“ஹெல்மெட்டுக்குள்ள மெஷின் போட்டிருந்தீங்களா?”

போடவில்லை. போட முடிந்தால்தானே. என் பழைய ஹெல்மெட்டைத் தலையில் இறக்கும்போதே உள்ளே இருக்கும் பஞ்சு மெஷினைப் பிடித்து இழுத்துவிடும். எப்படியோ உள்ளே தள்ளி மாட்டினாலும், பஞ்சு மெஷினோடு ஒட்டிக்கொள்வதால் ‘கூ’ என்று ஒரு விசில் கிளம்பும். மண்டைக்குள் பிரஷர் குக்கரை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். அதனால் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவேன்.

இதைச் சொன்னதும் கேப்டன் ஒரு நிபந்தனை போட்டான். மெஷினோடு ஹெல்மெட் மாட்டி, வலி இல்லாமல், விசில் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டினால் என் வண்டியில் வரலாம். முடியவில்லை என்றால் சாமான் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட். நடக்காது என்ற நம்பிக்கையில்தான் போட்டான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“சரி, கடைக்கு நீயும் வா” என்றேன். அப்படித்தான் மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது விலை அதிகமான ஒன்று. மெஷின் சத்தமில்லாமல் இருந்தது, ஆனால் ஐந்தாவது நிமிடம் நெற்றியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கழற்றிப் பார்த்தால் நெற்றி நடுவே சிவப்பாக ஒரு தடம். என் தலை முன்னும் பின்னும் நீளம், அந்த ஹெல்மெட் உருண்டைத் தலைக்குச் செய்தது.

“ரெண்டு நாள்ல பழகிடும் சார்.”

“கன்னத்துல இறுக்கினா பழகும், பஞ்சு அமுங்கிடும். நெத்தியில குத்துறது பழகாதுங்க. மலையேறும்போது தலைவலிதான் வரும்.”

அடுத்தது தாடையைத் தூக்கி மேலே திறக்கிற வகை. திறந்து வைத்து மாட்டுவதால் மெஷின் கழலவில்லை, மூக்குக்கண்ணாடியும் சுலபமாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. எனக்கே ஆசையாக இருந்தது. மூடினேன். விசில் கிளம்பியது. கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையுறை விலையைப் படிக்க ஆரம்பித்தான்.

கடைக்காரர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் போனார். “அம்மா, அவருக்கு ஒரு சைஸ் பெருசா எடுத்துடுங்க. காதுக்கு நல்லா இடம் இருக்கும்.”

“தலை என்னோடதுங்க. என்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

பெரிய சைஸையும் மாட்டினேன். காதுக்கு இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. தலையை வலப்பக்கம் திருப்பினால் நான் வந்தேன், ஹெல்மெட் வரவில்லை. பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளிப் பார்த்தேன், பட்டி மாட்டியிருந்தும் கண்ணை மறைக்கிற அளவுக்குக் கவிழ்ந்தது. விழுந்தால் நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம் போகும்.

“இதுக்கு நான் வாளியைக் கவிழ்த்துக்கிட்டுப் போயிடலாம்” என்றேன். கடைக்காரர் கொஞ்சம் கோபமாகத்தான் அடுத்ததை எடுத்தார்.

அந்த அடுத்ததுதான் இந்தக் கறுப்பு. நெற்றியில் குத்தவில்லை. கன்னத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் கன்னத்துத் தோலும் கூடவே அசைந்தது. அப்படித்தான் அசைய வேண்டும். ஆனால் வலது காதில் லேசாக விசில். கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினேன். காது வருகிற இடத்தில் வட்டமாக ஒரு பஞ்சு வில்லை. விரலால் நெம்பினால் கையோடு வந்தது. அதன் அடியில் நல்ல ஆழமாக ஒரு குழி.

“அது பாட்டு கேக்கறதுக்கு சார். ஸ்பீக்கர் வைக்கிற குழி. ஸ்பீக்கர் வேணும்னா தனியா இருக்கு, மாட்டித் தரவா?”

“ஸ்பீக்கர் வேண்டாம். இன்னொரு பக்கத்து வில்லையையும் எடுங்க.”

மெஷினைச் சரியாக உட்காரவைத்து, பட்டிகளை இரு பக்கமும் அகலமாக இழுத்துப் பிடித்து, முன்னாலிருந்து மெதுவாக இறக்கினேன். மெஷின் அசையவில்லை. விசில் இல்லை. அமைதி. பிறகு கடையில் ஓடிய மின்விசிறியின் சத்தம் தனியாக வந்தது.

வாயைத் திறக்காமல் முக்காலியில் உட்கார்ந்தேன். கேப்டன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பத்து விரலை மூன்று தடவை விரித்தான். என்னிடம் பேசுவதாக நினைப்பு. நானும் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டை.

கொஞ்ச நேரம் கேட்காதவன் மாதிரியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேண்டியிருந்தது.

“சரி, உண்மையைச் சொல்லுக்கா. இவரு பின்னாடி உட்கார்ந்து மலையேற உனக்குப் பயமே இல்லையா?”

கண்ணாடியில் அவள் ஒரு கையுறையை எடுத்து விரல் விரலாக நீவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“பயமாத்தான் இருக்கு” என்றாள்.

வேன் சீட்டில் என்னைத் தூக்கி உட்காரவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

“அப்புறம் என்ன? அதையே அவர்கிட்ட சொல்லு. நீ சொன்னாக் கேப்பாரு.”

“சொல்ல மாட்டேன். வேன்ல உட்கார வெச்சா அவரு இன்னும் செவிடாயிடுவாருடா. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் என்கிட்டயே பேசறீங்க. அவரு சோபாவுல சோபா மாதிரி உட்கார்ந்திருக்காரு. வண்டியில ஏறினாத்தான் பழைய ஆளா இருக்காரு. என் பயத்தை நான் பார்த்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு.”

“உனக்கு அவரு மேல கண்மூடித்தனமான…”

“மாப்ள” என்றேன், திரும்பாமல். “பத்து நிமிஷம்தான் ஆகுது. இன்னும் இருபது நிமிஷம் திட்ட பாக்கி இருக்கு. தண்ணி ஏதாவது குடிக்கிறியா?”

என் மனைவி கையுறையைக் கீழே போட்டாள். “ஐயோ, எல்லாம் கேட்டுதா?”

“பைங்களோட பையிலேர்ந்து கேட்டுது.”

கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கேப்டன் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் அவன் கேப்டன் இல்லையா. சமாளித்தான்.

“கடைக்குள்ள கேக்கும் மாமா. ஹைவேயில காத்து அடிக்கும்போது மெஷின் வெச்சாலும் ஒண்ணும் கேக்காது.”

“அங்க யாருக்குக் கேக்குது? காத்துச் சத்தம் தாங்காம நம்ம குழுவுல பாதிப் பேரு காதுல பஞ்சு அடைச்சுக்கிட்டு ஓட்டறாங்க. நீ இதே குழியில ஸ்பீக்கரை வெச்சுப் பாட்டு கேட்டுக்கிட்டு ஓட்டற. உங்களை எல்லாம் வேன்ல ஏத்தினா வேன் பத்தாது மாப்ள.”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? நீ கேக்காம இருக்கறதுக்கு வெக்கற, நான் கேக்கறதுக்கு வெக்கறேன்.”

அரை மணி முழுவதும் உட்கார்ந்தேன். கடைசியில் கழற்றியபோது நெற்றியில் தடம் இல்லை, கன்னத்தில் லேசாகப் பஞ்சின் அச்சு மட்டும். அவன் கிட்டே வந்து என் நெற்றியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மாம்பழம் வாங்குகிறவன் மாதிரி. ஒன்றும் கிடைக்கவில்லை.

“நான் மட்டும் முடிவு பண்ண முடியாது மாமா. குழுவுல கேக்கணும்” என்றான்.

நிபந்தனை போட்டபோது குழுவைக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

“நீ கேளு. ஆனா அந்த வேன்ல எனக்கும் சேர்த்து இடம் போட்டு வெச்சிருந்தா எடுத்துடு. நான் இவரு பின்னாடிதான் வருவேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் கேளுங்க. பின்னாடி வண்டி வந்தா நான் தோள்ல தட்டுவேன். எந்தத் தோள்ல தட்டறேனோ அந்தப் பக்கம் வருதுன்னு அர்த்தம். என்னை ஒருத்தர் தட்டிச் சொல்லணுமான்னு வீம்பு பண்ணக் கூடாது.”

வீம்பு பண்ணத்தான் நினைத்தேன். கண்ணாடி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, இத்தனை வருடம் ஒரு கீறல் இல்லை. ஆனால் பயமாத்தான் இருக்கு என்று அவள் சொன்னது காதில் இன்னும் இருந்தது. மெஷின் இல்லாவிட்டால் அதுவும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

“தட்டு. கிள்ளாத.”

அவளுக்கும் அங்கேயே ஒன்று வாங்கினோம். கொண்டையோடு மாட்டிப் பார்த்தாள், பின்மண்டையில் ஏறி நின்றது. ஜடையாகப் பின்னித் தொங்கவிட்டுத்தான் சரியான சைஸ் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்தோம். மெஷின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன், காற்று இரைச்சல் தாங்கும்படி இருந்தது. லாரி ஹாரன் கேட்டது. அவள் தட்டியது ஹாரனுக்கு முன்னாலேயே வந்தது. பிரேக் போட்டபோதெல்லாம் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று இடித்தது. ஒவ்வொரு தடவையும் “ஸாரி” என்றாள். அதுவும் கேட்டது.

கேப்டன் நேற்று குழுவில் செய்தி போட்டிருக்கிறான். “மாமாவும் அக்காவும் வேனில் வருவதே பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள்.” அந்தச் சிலரின் பெயர் ஒன்றுகூட இல்லை. நான் கீழே பதில் போட்டேன். “வேனில் பைகளை ஏற்றுங்கள். நாங்கள் வண்டியில் வருகிறோம். வரிசையில் இடம் இல்லை என்றால் வரிசைக்குப் பின்னால் வருவோம். ரோடு எல்லோருக்கும் போட்டதுதான்.” இதுவரை யாரும் மறுத்து எழுதவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் வேன் டிரைவர்.

போவது உறுதி. அதைப் பற்றி யோசனை கேட்டு நான் இதை எழுதவில்லை, வேனில் போங்கள் என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து தாண்டிப் போய்விடுங்கள். காது மெஷினோடு நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இங்கே கட்டாயம் இருப்பீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன். நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் மெஷினை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? மழை பிடித்துக்கொண்டால் கழற்றிவிடுவீர்களா, போட்டுக்கொண்டே ஓட்டுவீர்களா? பின்னால் உட்காருகிறவர் ஹெல்மெட் இடிக்காமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா? இந்த மூன்றில் எது தெரிந்தாலும் கீழே எழுதுங்கள். என் மனைவியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கே எழுதுங்கள்.