கடைசியாகத் திருத்தியவர்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஒரு மென்பொருள் அலுவலகத்தில், குழுவினர் எல்லோரும் எழுதும் விக்கிப் பக்கங்களைக் கோப்புறை வாரியாக அடுக்குவது அவள் வேலை. துணி மடித்தபடியே இதைச் சொன்னாள்.

முதல் தொடக்கம்: ‘மரணமும் ஒருவகை வகைப்பாடே என்று…’ (அடித்துவிட்டேன். துணி மடிப்பவளிடம் இந்த வாக்கியம் நிற்காது.)

2

பக்கத்து மேசைச் சோதனையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘அப்புறம்’. எங்கே வைப்பதென்று தெரியாத பக்கங்களையெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற கோப்புறையில் போட்டுவிடுவார். அக்காவுக்கு அவர் வைத்த பெயர் ‘அடுக்கு ராணி’. நான்கு வருடச் சண்டை அது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை; மாரடைப்பு.

கோப்புறையில் நாற்பத்தொரு பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘கடைசியாகத் திருத்தியவர்’ என்று அவர் பெயர்.

அவர் இறந்து ஓராண்டு கழிந்ததும், ஓராண்டாக எவரும் தொடாத பக்கங்கள் வரும் வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தாமாக அழியும் என்று புது விதி வந்தது. உரிய இடத்துக்கு நகர்த்தினால் பக்கம் பிழைக்கும். ஆனால் நகர்த்தியவர் பெயர் அடியில் ஏறும். அவர் பெயர் போய்விடும். (இவ்வளவு கச்சிதமான கொடுமையை நான் புனைந்ததாகச் சந்தேகிப்பீர்கள். நானும் அக்காவிடம் இருமுறை கேட்டேன்.)

3

“அந்த நாப்பத்தொண்ணு இன்னும் அப்படியே இருக்கேம்மா?” என்றார் மேலாளர்.

“பண்றேன் சார்.”

“அவன் இருந்தப்ப தினமும் நீதானே அடுக்கு அடுக்குன்னு உயிரை எடுப்பே.”



(இவரை வில்லனாக்க முயன்றேன். அடுத்து அவர் சொன்னது விடவில்லை.)

“நானும் ஒண்ணைத் திறந்தேன்மா. நகர்த்த முடியல. மூடிட்டேன்.”

4

வெள்ளிக்கிழமை நாற்பதை நகர்த்திவிட்டாள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி:

‘அடுக்கு ராணிகிட்ட கேட்கணும்:’

அதன் பிறகு எதுவும் இல்லை.

“என்ன கேட்க நினைச்சிருப்பார்?” என்றேன்.

“தெரியலடா. கைநீட்டினா தொடுற தூரம். நாலு வருஷத்துல ஒரு தடவை, ‘என்ன வேணும் உனக்கு’ன்னு நானாவது கேட்டிருக்கலாம்.”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றிலும் அக்கா அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான கோப்புறை ஒன்றைக் கண்டுபிடித்து

(இல்லை. அப்படியொரு கோப்புறை இல்லை.)

அன்று என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை; நானும் வற்புறுத்தவில்லை. ஆகவே இங்கே மணி ஐந்து ஐம்பத்தெட்டு. பக்கம் திறந்தே இருக்கிறது. நகர்த்துவதானால் நீங்கள் நகர்த்துங்கள். அடியில் உங்கள் பெயர் வரும்.