குளக்கரையில் ஒரு சஹன்

மடவளை றலியா முகத்தைச் சுளித்தே மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தை முறித்தவள். போன வருஷம் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த தேத்தண்ணியில் எறும்பு மிதந்ததாம். "ச்சீ!" என்று கோப்பையைத் தள்ளி வைத்தாள், அவர்கள் பெண்ணையும் சேர்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். அது எறும்பா, தேயிலைத் தூளா என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி.

அடுத்த சம்பந்தம் வந்தபோது மகள் ஜஹானா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"உம்மா, இந்த முறையும் மூஞ்சக் கோணினீங்கண்டா நான் பொறகு ஒத்தரையும் முடிக்கிறல்ல. நஸீப் நல்லவர். ஒரு நாளைக்குப் பொறுத்துக்கோங்க."

ஒரு நாள்தானே என்று றலியாவும் தலையாட்டினாள். ஆனால் நஸீபின் உம்மா ரிப்கா மற்ற மாப்பிள்ளை வீட்டாரைப் போல ஹோலில் இருத்தி, கேக் கொடுத்து, பெண்ணின் விரலை எண்ணுகிற ரகமில்லை. ஓய்வுபெற்ற விஞ்ஞான டீச்சர். அபாயாவுக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து. "காட்டுல சேந்து நடந்தாத்தான் ஆக்கள வெளங்கும்" என்று இரண்டு குடும்பத்தையும் ஒரே வான் வண்டியில் ஏற்றி, நக்கிள்ஸ் மலையடியில் ஒரு குளத்துக்குக் கொண்டு போனாள்.

குளத்தின் படத்தை முந்திய நாளே வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். படத்தில் நாற்றம் வராது. நேரில் பார்த்தால் கரையெல்லாம் எருமைச் சாணி, தண்ணீர்மேல் பச்சைப் பாசி, பாசியில் யாரோ சோறு கட்டித் தின்று எறிந்த லஞ்ச் சீட். அந்தச் சீட்டைக் காகம் நக்கிக்கொண்டிருந்தது. கிராமத்து வீடொன்றில் கழிப்பறை கேட்டுப் போன றலியா, போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். உள்ளே என்ன இருந்தது என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை. கையால் அளவு மட்டும் காட்டுவாள்.

பிறகு காட்டுப் பாதை. முதல் நாள் பெய்த மழையில் பாதை சாணிக் குழம்பாகக் கிடந்தது. ரிப்கா கீழே விழுந்து கிடந்த பழத்தை எடுத்து, அபாயாவில் துடைத்துக் கடித்து, மீதியை நீட்டினாள்.

"தின்னுங்கோ சம்மந்தி. காட்டுப் பழம். மருந்து!"

பழத்தில் பல்லின் தடம் ஈரமாக மின்னியது. ஜஹானா உம்மாவின் முகத்தையே பார்த்தாள். றலியா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கசப்பைவிட அந்த ஈரம்தான் தொண்டையில் நெடுநேரம் நின்றது.

பகல் சாப்பாட்டுக்குக் குளக்கரையில் பாய் விரித்தார்கள். நஸீபும் இரண்டு வாப்பாமாருமாக ஆண்கள் மூவருக்கும் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சஹன், பெண்கள் மூவருக்கும் இந்தப் பக்கம் ஒன்று. ஒரே பெரிய தட்டு, நெய்ச்சோறு, பொரித்த கோழி, மேலே நெய்யில் வதக்கிய பிளம்ஸ் எனும் உலர்ந்த திராட்சை. சஹனில் எல்லாருடைய கையும் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி ஒதுக்கி வைப்பதை மற்றவள் காணாமல் இருக்கமாட்டாள்.

பிஸ்மி சொல்லி இரண்டு பிடி தின்றிருப்பார்கள். றலியாவின் சட்டைக் கைக்குள்ளிருந்து ஏதோ வழுக்கி, சோற்றில் 'தொப்'பென்று விழுந்தது. அட்டை. எப்போது ஏறியதோ, வயிறு முட்ட அவள் இரத்தத்தைக் குடித்து, கறுத்துப் பருத்து, நெய்யில் புரண்டு பளபளத்தது.

கத்தினால் சம்பந்தம் போச்சு. சோற்றோடு சேர்த்து அதைப் பிடித்துக் கையை மூடிக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அது சுருங்கியது, நீண்டது, விரலிடுக்கில் மெல்ல வழி தேடியது.

ரிப்கா சிரித்தாள். "ஆ, கண்டுட்டன்! பெரிய பிளம்ஸ களவா எடுத்து ஒளிக்கிறீங்களே சம்மந்தி? நீங்களே ஊட்டுங்கோ, பாப்பம்!"

வாயைத் திறந்தாள். கடைவாயில் கோழி நார், நாக்கில் நெய், பழத்தின் மஞ்சள். போட்டுவிட்டால் என்ன? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கை அந்த வாயருகே போகவும் செய்தது. பிறகு, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மகளின் பெயரால் அட்டை ஊட்ட மனம் வரவில்லை. கையை விரித்தாள்.

"பிளம்ஸ் இல்ல டீச்சர். அட்டை. என்ட ரெத்தம் குடிச்சது."

நெய்க்குள்ளிருந்து அது தலையைத் தூக்கிப் பார்த்தது.

ரிப்கா மூடிய வாயோடு எழுந்து புதருக்கு ஓடினாள். றலியாவும் அட்டையை உதறிவிட்டுப் பின்னால் ஓடி, அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். காட்டுப் பழமும் கோழியும் போன வழியே வந்தன. பாதி றலியாவின் புதுச் செருப்பில் விழுந்து, விரல்களுக்கிடையில் சூடாக வழிந்தது. அவள் காலை அசைக்கவில்லை. போத்தல் தண்ணீரால் ரிப்காவின் வாயைக் கழுவிவிட்டாள்.

ரிப்கா மூச்சு வாங்கினாள். மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, றலியாவின் கையைப் பிடித்தாள்.

"சம்மந்தி, நான் சத்தி எடுத்தத எங்கட ஆக்களுக்குச் சொல்லிராதீங்கோ. முப்பது வருஷமா அவங்கள காடுகாடா இழுத்துக்கொண்டு திரியிறன்."

"சொல்லமாட்டன்."

"நிகாஹ் தேதிய ஊட்டுக்குப் போய், கதிரைல குந்திப் பேசுவம்."

றலியா தலையாட்டினாள். வான் மடவளைச் சந்திக்கு வந்து சேரும்வரை 'சொல்லமாட்டன்' என்ற வாக்கை அவள் அப்படியே காப்பாற்றினாள்.