புளி போட்டு மினுக்கிய முகம்

புளி. இந்த மனிதருக்கு வேறு எதுவுமே கையில் அகப்படவில்லையா?

உஷா மனதுக்குள் பொருமினாள். மேசையில் மூன்று காலில் நின்ற சீனத்து வெண்கலப் பாத்திரம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. முன்னோருக்குப் படையல் வைத்த பாத்திரம். மூவாயிரம் வருடம் படிந்த பச்சைக் களிம்பு, வெள்ளிக்கிழமை அவள் ஏலக் கடையை விட்டுப் புறப்பட்டபோது இருந்தது. திங்கள் காலை இல்லை. இடையில் வந்தவர் கடையைத் துப்புரவு செய்கிற ஆனந்தராசா, அவளுடைய அக்காவின் கணவர். அவருக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"பாசி பிடிச்சுக் கிடந்தது பிள்ளை. வாங்க வாற சனம் என்ன நினைக்கும்? ரெண்டு மணித்தியாலம் மினுக்கினனான். கை உளையுது."

"அது பாசியில்லை அத்தான். அதுக்குத்தான் விலையே."

"ஊத்தைக்கு விலையோ? நல்ல நாடு!"

பாத்திரத்தின் வயிற்றில் ஒரு விலங்கு முகம். உருண்டைக் கண்கள், வளைந்த கொம்பு, கீழ்த்தாடை கிடையாது. சுற்றிலும் நூல் பருமனில் சதுரச் சுருள்கள். வியாழன் முழுக்க அவள் அதைப் பென்சிலால் வரைந்திருந்தாள். பச்சைக்குள் பதுங்கியிருந்து அது தன்னையே பார்ப்பதாக அப்போது தோன்றியது. இப்போது சுருள்களுக்குள் புளிக்கோது.

கோபம் இவர்மேல் மட்டும் இல்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொங்கலுக்குத் தன் வீட்டு விளக்கை இவரிடம் கொடுத்து, "அத்தான்ரை கை பட்டால் பித்தளையும் பொன்தான்" என்று புகழ்ந்தவள் அவளே.

அவர் குரலைத் தணித்தார். "சாமான்ரை நிலை எழுதிற உன்ரை கடுதாசியிலை பச்சை எண்டு இருக்கோ?"

"ஓம். சாமான் வந்தண்டே எழுதினது."

"அதைக் கிழிச்சுப்போட்டு, வரேக்கையே மினுங்கிச்செண்டு எழுது. ஒரு வரிதானே. இந்த வேலை போனா திரும்ப ஈஸ்ட் டாமாக்கியிலை பழைய பக்டரி வேலைதான். உன்ரை அக்கா என்னை வீட்டுக்கை விடமாட்டாள்."

ஒரு வரிதான். நாளைக்கு ஹில்ஸ்பரோ பக்கமிருந்து பாத்திரத்தின் சொந்தக்காரி வருவாள். நாற்பது வருடம் துணிகூடப் படாமல் வைத்திருந்தேன் என்று சொன்ன கிழவி. அந்த வரி அவளைத்தான் பொய்க்காரியாக்கும்.

உஷா கடுதாசியை எடுத்தாள். அவர் கை நீட்டினார். அவள் அதை மடிப்பு விழாமல் கோப்புக்குள் வைத்து மூடினாள்.

"மாட்டன் அத்தான். மனேச்சரிட்டை நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்."