மகளுக்குத் தெரிந்த நம்பர்

வீட்டு டெலிபோனை எடுத்துவிட்டுப் பாதிக் கட்டணத்தில் கம்பியில்லாத போன் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பகுதிக்கு வந்த சின்னக் கம்பெனி சொன்னதும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் நான்தான். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்பர் மாறாதில்ல?"

மாறாது, அதே நம்பர் புதுப் போனுக்கு வந்துவிடும் என்றேன். ஏழு வருடங்களுக்கு முன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போன மகளுக்குத் தெரிந்தது அந்த நம்பர் மட்டும்தான். நடுவில் வீடுகூட மாறிவிட்டோம், நம்பரை விடவில்லை. "ஏழு வருஷமா வராத போன் இனிமேயா வரப்போகுது?" என்றேன். என் வாய் அப்படி.

நம்பர் புதுப் போனுக்கு மாறி முடியும்வரை பழைய லைன் உயிரோடு இருக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதியிருந்தது. நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே, படிப்பேனா? புதுப் போன் வந்த அன்றே டெலிபோன் ஆபீஸ் வரிசையில் நின்று பழைய லைனைத் துண்டித்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிக்காரர் கையை விரித்தார்.

"லைனே இல்லாம நம்பரை எங்கேர்ந்து சார் எடுக்கறது?"

வேறு நம்பர்தான் கிடைத்தது. ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஆறாம் மாதம், பழைய நம்பரை ஒரு சலவைக்கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு நேராகக் கடைக்கே போனேன்.

"அது உங்க நம்பரா?" சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போன மாசம் ஒரு பொண்ணு பேசுச்சு சார். அம்மா இருக்காங்களான்னு கேட்டுச்சு. இது கடைம்மான்னேன். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுச்சு. வேலை நேரம், நான் கத்திட்டேன்."

"அந்தப் பொண்ணு நம்பர்?"

"இந்தப் போன்ல கடைசி இருபது நம்பர்தான் நிக்கும். இங்க ஒரு நாளைக்கே அவ்வளவு வரும்."

மறுபடி கூப்பிட்டால் கொடுங்கள் என்று எங்கள் புது நம்பரை எழுதி நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். "கண்டிப்பா தரேன் சார். ஆனா, இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வச்சுது."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவ அங்க பேசினாளாமா?"

"இல்ல," என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளைங்க. இன்னும் கூப்பிடல. கூப்பிடறதுக்குள்ள எப்படியாவது அந்த நம்பரை வாங்கிடுங்க."