தேயாத குதிகால்

ஷூ ரிப்பேர் கடைக்காரருக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பசை டப்பாவில் 'உடனே ஒட்டும்' என்று போட்டிருந்தால்கூட, துண்டுத் தோலை ஒட்டி, மறுநாள் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட மனிதரிடம், மனைவியின் கணுக்காலில் கத்தி வைக்க வேண்டும் என்று ஒருவரல்ல, இரண்டு டாக்டர்கள் சொன்னால் கேட்கவா வேண்டும்?

மனைவிக்கு வீடுவீடாகத் தபால் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருட நடையில் வலது கணுக்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆனால் நடக்காத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. தப்பான டாக்டரிடம் காலைக் கொடுத்து அந்த நடையே போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் கடைக்காரரின் பயம்.

இருவரும் ஒரே ஆஸ்பத்திரி. முதலாமவர் வாய் நிறையச் சிரித்தார். "தேஞ்ச மூட்டை எடுத்துட்டுப் புதுசு வச்சிடலாம். என்கிட்ட செஞ்சுக்கிட்டவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு இப்ப வலியே கிடையாது."

இரண்டாமவர் முசுடு. "எலும்புகளைச் சேர்த்து ஸ்க்ரூ போட்டு ஒட்ட வைப்பேன். கணுக்கால் அப்புறம் மடங்காது, கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடக்க வரும். சிலருக்கு எலும்பு ஒட்டாது, மறுபடி திறக்கணும். சீழும் பிடிக்கலாம். யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

"ரெண்டும் வேணாங்க," என்றாள் மனைவி வெளியே வந்ததும். "மாத்திரையிலயே வலி நல்லாக் குறைஞ்சிருக்கு. முழு ரூட்டும் நானே போயிட்டுத்தானே வரேன்? ஒத்திப் போடலாம்."

கடைக்காரருக்கோ, சிரித்தவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. சிரிக்காதவர் இப்போதே தப்பித்துக்கொள்ள வழி பார்க்கிறார் என்றும் தோன்றியது. டாக்டர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும், செருப்பு பொய் சொல்லாது என்று முடிவு கட்டினார்.

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறைக்கு வெளியே ஒரு செருப்பு அலமாரி உண்டு. திங்கட்கிழமை முசுடின் பழைய நோயாளிகள் வருவார்கள், செவ்வாய்க்கிழமை சிரிப்பு டாக்டருடையவர்கள். கடைக்காரர் இரண்டு நாளும் கடையை அடைத்துவிட்டுப் போனார்.

"என்னங்க, செருப்பைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? அளவு சரியா இருந்தா கிளம்பிடலாம்னா?" என்றார் காவலாளி. ஊரையே சந்தேகப்படுகிறவர், திருட்டு முழி முழித்தார்.

திங்கட்கிழமைச் செருப்புகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஆபரேஷன் செய்த காலின் குதி ஒரு பக்கமாகக் கரைந்திருந்தது, நுனி உரசி நார் நாராக நின்றது. செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றும் சமமாக, அழகாக இருந்தது. சாய்வு என்ற பேச்சே இல்லை. சிரிப்பு டாக்டரேதான் என்று நினைத்தபோது, ஒரு சோலின் அடியில் பதித்த அளவு எண் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே துலக்கமாகத் தெரிந்தது. பக்கத்து ஜோடியிலும் அப்படித்தான். அவருக்கு உறுத்தியது.

செருப்பை மாட்ட வந்த அம்மாவிடம் கேட்டார். "ஆபரேஷன் எப்பம்மா செஞ்சீங்க? வலி இருக்கா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. துளிகூட வலி இல்ல."

"தினம் எவ்வளவு நடப்பீங்க?"

"நடக்கிறதா? வாசல்ல கார் நிக்கும், உள்ள போனா நாற்காலி. நடந்தாத்தானே வலிக்கும்!"

பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் இந்த அம்மாவும் ஒருவர். முசுடின் ஆட்கள் அவ்வளவு தேய்க்க எத்தனை தெரு நடந்திருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்தார். கதவோரம் மனைவியின் வேலை ஷூ கிடந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவரே புது சோல் போட்டது. அவள் நடைக்கு மூன்று மாதம் தாங்கினாலே பெரிது. குனிந்து எடுத்துத் திருப்பினார்.

அளவு எண் பளிச்சென்று இருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையிலிருந்து வந்தவள், அவர் கையில் இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"எப்பலேர்ந்து?"

"நீங்க சோல் போட்டுக் குடுத்த மறுவாரத்துலேர்ந்து. உள்ள உக்காந்து தபால் பிரிக்கிறேன். என் ரூட்டுல வேற ஆள் போகுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆபரேஷன்னு நிப்பீங்க. அப்புறம் நடக்கவே முடியாமப் போயிட்டா?"

"இப்ப நடக்குறியா?"

அவள் அழுதாள். அவருக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ஊரார் செருப்பையெல்லாம் புரட்டியவர், தினமும் காலில் இடறிய இந்த ஜோடியை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு நாளும் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "அப்ப அந்த முசுடுகிட்டதானா? ஒரு பக்கமா தேய்ச்சுத் தேய்ச்சுல்ல நடப்பேன்?"

"தேய். எத்தனை தடவை தேஞ்சாலும் புதுக் குதி போட நான் இருக்கேன்."