டெரன்ஸ் படியிறங்கிய விதம்

"பதினாறு பேர் சேர்ந்து தூக்கினாலும் என் சவப்பெட்டி இந்த மூணாவது மாடிய விட்டு இறங்காது. எங்க கூட்டம் வந்து பாடினாத்தான் இறங்குவேன்" என்று டெரன்ஸ் அறிவித்தபோது நோய்ப்படுக்கையில் கிடந்த அவன் வாய் நிறையக் கஞ்சி இருந்தது. அக்கா வெரோனிக்கா அவன் மோவாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.

அவன் பேச்சை யார் நம்பியிருக்கிறார்கள்? அவன் ஆர்கன் வாசித்து முடிக்கும்வரை ஒரு புயல் துறைமுகத்துக்கு வெளியே மரியாதையாகக் காத்திருந்ததாம். கோவில் கூரையிலிருந்த புறாக்கள் கீழ்க்குரலில் பாடப் பழகிக்கொண்டனவாம். நூற்றிருபது கிலோ உடம்பில் நூறு கிலோ புளுகு என்பதுதான் குடும்பத்தின் கணிப்பு.

ஆனால் அன்று காலை, கரண்டியை விலக்கிவிட்டு, சிரிக்காமல் ஒன்று சொன்னான்.

"கிளமெண்ட் கையும் அந்தப் பெட்டியத் தூக்கணும்க்கா. நீதான் பார்த்துக்கணும்."

"சரிடா. முழுங்கு."

மத்தியானம் அவன் இருதயம் நின்றுவிட்டது.

சவப்பெட்டி வருவதற்குள் பெரியண்ணன் ஆரோக்கியநாதன் வந்துவிட்டார். கோவில் சபையில் இருபது வருடமாக இருப்பவர், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். பத்திரிகை அறிவிப்பை அவரே எழுதினார். அண்ணன் பெயர் இருந்தது, அக்காள் பெயர் இருந்தது, ஆஸ்திரேலியாவில் இருக்கும், டெரன்ஸை ஒரே ஒரு தடவை பார்த்த சித்தப்பா மகன் பெயர்கூட இருந்தது. கிளமெண்ட் பெயர் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "இவரு இங்க ரூமுக்கு இருந்தவரு" என்று அவரை அறிமுகப்படுத்தினார்.

இருபத்திரண்டு வருடம் டெரன்ஸோடு வாழ்ந்த மனிதர். வீடே கிளமெண்ட் பெயரில்தான் இருக்கிறது. வெரோனிக்காவுக்குக் காது இரண்டும் சுட்டன.

கிளமெண்ட் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டெரன்ஸுக்குக் கழுத்துப்பட்டையைத் தான் கட்டிவிடலாமா என்றார். அதையெல்லாம் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றார் பெரியண்ணன். அடக்கம் முடியும்வரை வீட்டுச் சாவி தன்னிடம் இருப்பதுதான் முறை என்று அதையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோவில்ல நாலு பேரு பார்ப்பாங்க. தம்பிய நல்லபடியா அனுப்பணும். நீங்களும் உங்க கூட்டமும் மேல வரவேண்டாம்."

கிளமெண்ட் காலுறைகூடப் போடாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வெரோனிக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வருடம் தபால் நிலைய முகப்பு மேசையில் உட்கார்ந்து, வரிசையில் இடையே புகுந்த போலீஸ்காரரையே அழவைத்துக் கடைசிக்கு அனுப்பியவள் அவள். அன்றைக்கென்று பார்த்து அவள் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் பெரியண்ணன் மேல் பாதி, தன் மேலேயே பாதி.

கூட்டம், கூட்டம் என்கிறார்களே, மொத்தம் பதினோரு பேர். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஏதோ ஒரு கோவிலின் கடைசி வரிசையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகர்த்தப்பட்டவர்கள். டெரன்ஸை மட்டும் மெல்ல நகர்த்தவில்லை. முப்பது வருடம் ஆர்கன் வாசித்தவனை நீக்கச் சொல்லி ஒரு மனு போனது. அதில் இரண்டாவது கையெழுத்து ஆரோக்கியநாதனுடையது. அதே மாதம் கோவிலுக்குப் புது மின்சார ஆர்கன் வந்தது. பழைய மிதி ஆர்கனை வெளியே போட்டார்கள். "ரெண்டு பேரையும் ஒண்ணாத் தள்ளிட்டாங்க, வா போலாம்" என்று அதைத் தட்டிக்கொடுத்து அழைத்துப் போனான் டெரன்ஸ்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர்களுடையது, மற்ற நாள்களில் டியூஷன் வகுப்பு. ஒரு சாமானையும் மேலே விட்டுப் போகக்கூடாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் ஆர்கனைப் பத்தொன்பது படி தூக்கி ஏற்றினார்கள். நடுவில் ஆளே திரும்ப முடியாத ஒரு முடுக்கு. ஜெபம் முடிந்ததும் மறுபடி இறக்கினார்கள். பதினோரு வருடம். அந்த ஆர்கன் ஏறிய படிகளுக்குத் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறிப் பார்க்கிற தண்ணீர்மலை முருகனை இருபது தடவை தரிசனம் செய்திருக்கலாம் என்பான் டெரன்ஸ். இந்த ஒரு கணக்கில் மட்டும் புளுகு இல்லை, வெரோனிக்கா ஒருநாள் பென்சிலால் போட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம். வீடு இருந்த டத்தோ கிராமாட் பகுதியில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. சவப்பெட்டிக் கம்பெனி ஆள் ஆறு ஜோடி வெள்ளைக் கையுறைகளை நீட்டினான். கோவில் சபையார் மூன்று பேர், பெரியண்ணனின் மகன்கள் இரண்டு பேர், ஆறாவதாகப் பெரியண்ணன். பெட்டியைத் தூக்கினார்கள். ஒன்பது படி இறங்கினார்கள். முதல் திருப்பத்தில் பெட்டி நின்றது.

நின்றது என்றால் அப்படி ஒரு நிற்றல். கால்மாடு மூலையில் குத்தியது, தலைமாடு கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. காலியாக வந்தபோது நிமிர்த்திக் கொண்டுவந்தோமே என்றான் கம்பெனி ஆள். அப்போது உள்ளே டெரன்ஸ் இல்லை. இப்போது நிமிர்த்தினால் அவன் சரிந்துவிடுவான் என்றார் சபையார் ஒருவர். இன்னொருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மகன்களில் இளையவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரியண்ணனால் உட்காரவும் முடியவில்லை, அவர் வலது முழங்கை பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் தலைமை தாங்கினார். இடது என்றார், வலது என்றார், யாருக்கும் அறிவில்லை என்றார். இருபது நிமிடம். ஐந்து மாடி ஜனமும் வாசலுக்கு வந்துவிட்டது.

வெரோனிக்கா மேல்படியில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில், தம்பி பெட்டிக்குப் பக்கத்தில், தொண்டைவரை சிரிப்பு. அதை விழுங்கியபோது அடியில் கிடந்த தம்பியின் சொல் மேலே வந்தது, நீதான் பார்த்துக்கணும். மாடி நடைபாதைச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே ஹனீபா பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் பதினோரு பேரில் மிச்சமிருந்த பத்துப் பேரும் ஆறிப்போன தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் கிளமெண்டை 'மிஸ்டர் கிளமெண்ட்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "மேல வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

மூலையிலிருந்து பெரியண்ணன் குரல் வந்தது. "யாரு அவங்கள வரச்சொன்னது?"

"நான்தான். வீட்டுக்காரரு அவரு. நீங்கதாண்ணே விருந்தாளி."

கீழே பத்து நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன.

முதலில் வந்தவள் குமுதா. வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள், தோள் இரண்டும் அலமாரிபோல் இருக்கும். பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள், மூலையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆர்கன்தான் இது" என்றாள் மற்றவர்களிடம். "கனம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் லா."

யார் எங்கே என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் பெட்டிக்கு அடியில் குனிந்து கீழ்ப்படிக்குப் போனார்கள். மூன்று பேர் தலைமாட்டுக்கு. நர்ஸ் ஷேரன் இரண்டு படி கீழே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நின்றாள். பின்னோக்கி நடக்கிறவன் படியைப் பார்க்கக்கூடாது, பாட்டைக் கேட்கவேண்டும் என்பது டெரன்ஸின் சட்டம். கிளமெண்ட் பெரியண்ணனுக்குப் பக்கத்தில் வந்து, அவர் கைக்கு அருகே தன் கையை வைத்தார்.

"அண்ணே, அந்தக் கையுறைய கழட்டிடுங்க, வழுக்கும்" என்றாள் குமுதா. "பாட்டு தெரியாட்டிப் பரவால்ல. கால மட்டும் எங்களோட சேர்த்து வைங்க."

ஷேரன் பாடினாள். ஆர்கன் தூக்கும்போது பாடுகிற அந்த ஞானப்பாட்டை டெரன்ஸ் ஒரு வரிக்கு ஒரு படி என்று இழுத்து வைத்திருந்தான், பாட்டு எழுதியவரே வந்தாலும் அடையாளம் தெரியாது. முதல் வரிக்குக் கால்மாடு கைப்பிடிக்கு மேலே எழும்பியது. இரண்டாவது வரிக்குத் தலைமாடு மூலைக்குள் போனது. மூன்றாவது வரிக்கு நூற்றிருபது கிலோ டெரன்ஸ், கதவு திரும்புகிற மாதிரி, சத்தமே இல்லாமல் திரும்பினான்.

பெரியண்ணனின் முழங்கை விடுபட்டது. அவர் விலகிக்கொண்டிருக்கலாம், இடம் இருந்தது. வெரோனிக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை. கிளமெண்டின் காலுறை இல்லாத சப்பாத்துக்குப் பக்கத்தில் அவருடைய பளபளப்பான சப்பாத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு படி இறங்கியது. கோவிலிலும் அவர் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. கல்லறையில் மண் அள்ளிப் போடும்போது வரிசையில் கிளமெண்டுக்கு முன்னால் நின்றவர், ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

சாயங்காலம் ஹனீபா பாய் கடைப் பேச்சில் அந்தப் பெட்டி படியில் மூன்று மணி நேரம் நின்றிருந்தது. அரை மணி கழித்து வந்தவர்களுக்கு ஐந்து மணி நேரம். பதினாறு ஆள் தூக்கியும் அசையவில்லை, ஒரு கயிறு அறுந்தது, கம்பெனி ஆள் மதம் மாறப் பார்த்தான். மேசைக்கு மேசை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டெரன்ஸ் கஞ்சி வாயோடு சொன்னதை வெரோனிக்காவும் ஒரு தடவை சொல்லிவிட்டாள்.

ஆரோக்கியநாதன் மட்டும் நம்பவில்லை. படி குறுகல், கம்பெனிக்காரன் அளவு பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். அடுத்த ஆள் வந்தபோது, படி குறுகல் என்றார். அதற்கடுத்த ஆளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். வலது முழங்கையில் மஞ்சள் பற்று போட்டிருந்தது.

எதிர் நாற்காலியில் கிளமெண்ட் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகவேண்டும், ஆனால் சாவியைக் கேட்கவில்லை. வெரோனிக்கா அண்ணனின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் பொறுப்பேன், அதற்குப் பிறகு கடை தாங்காது என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

ஹனீபா பாய் மேசையைத் துடைக்க வந்தார். "நீங்க கூடவே இருந்தீங்களேண்ணே. நீங்களே சொல்லுங்க, நடந்துச்சா இல்லையா?"

ஆரோக்கியநாதன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கிளமெண்டின் தே தாரிக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"நாங்க தூக்கினப்ப நகரல" என்றார். சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "அவங்க பாடினாங்க. இறங்கிட்டான்."