இங்க்ரிட் நோனாவுக்கு ஒரு மாலை

பங்காளித்துவ மற்றும் நிதிவள ஒருங்கிணைப்பு முகாமையாளர் என்று தன் பதவிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிரஷாந்தினிக்கே மூச்சு வாங்கும். அந்தப் பதவி அடுத்த ஆண்டும் நிலைக்க வேண்டுமானால், தாய்சேய் நலத் திட்டத்துக்கு நிதி தரும் வெளிநாட்டு நிறுவனத்தின் தலைவி இங்க்ரிட் மனம் குளிர வேண்டும். அதற்காகவே, இலங்கையின் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த அம்மையாரின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருந்தாள்.

இங்க்ரிட்டோடும் அவருடைய உதவித் தலைவரோடும் உள்ளே நுழைந்தவள் திகைத்து நின்றாள். படத்தில் சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைக்கும் செல்லாயி, விருந்தாளியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா இது?” பிரஷாந்தினி பல்லைக் கடித்தாள்.

“செத்தவங்க படத்தத்தானே மிஸ் செவுத்துல மாட்டுவோம்? அனே, நோனா நல்லாத்தான இருக்காங்க!”

இங்க்ரிட் கண் கலங்கி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

“எங்கள் தெய்வங்களுக்கு இப்படித்தான் செய்வோம்,” என்று பிரஷாந்தினி கூசாமல் ஆங்கிலத்தில் அடித்துவிட்டாள். இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நிதி அந்த இடத்திலேயே உறுதியானது.

புறப்படும்போது உதவித் தலைவர் அவளை ஓரமாக அழைத்து, அடுத்த முறை தன் படமும் அங்கே இருக்குமா என்று வெட்கத்தோடு விசாரித்தார். பிரஷாந்தினி உடனே செல்லாயியிடம் அவர் படத்துக்கும் ஒரு மாலைக்குச் சொல்லிவைத்தாள்.

செல்லாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாவம், இந்த வயசுலயா? டாக்டர் கைய விரிச்சிட்டாராங்க மிஸ்?”